காதுக்குப் பத்து நிமிடம்

அறுபத்தேழு வயதில் ஆர்மோனியம் கற்கப் போனேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மனைவி பவளத்துக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, குரலும் கீழே இறங்கிவிட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டு குறையாமல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பாடும்போது மட்டும், மேலே ஏற வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது.

மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கிருத்திகை அன்றும் பஜனை நடக்கும். பவளம் இருபது வருடமாக அதில் ஒரு முருகன் பாட்டைத் தனியாகப் பாடி வந்தாள். நாங்கள் மணப்பாறைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். முப்பத்தொரு வருடம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்த பொன்னுசாமி என்கிற என்னை இங்கே யாருக்கும் தெரியாது. பாட்டுக்காரம்மா வீட்டுக்காரர் என்றால் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை முயன்று பார்த்தாள். பஜனையை நடத்துகிற விஜயகுமார் போனில் இசையை ஓடவிட்டு ஸ்பீக்கரில் போடுவான். பாடுகிறவர்கள் அதோடு சேர்ந்து பாட வேண்டும். அது அவளுடைய பழைய குரல் இருந்த உயரம். நாலாவது வாரம் அந்தப் பாட்டை சுஜாதா என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான். நான் போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா, அந்த டிராக்கைக் கொஞ்சம் கீழ எறக்கிப் போட முடியாதா?"

"எறக்குனா, கூட எடுத்துப் பாடுற லேடீஸ் அத்தன பேருக்கும் அடியில போயிரும்ணா. ஆண்ட்டி கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமே."

அவனுக்கு அதை இறக்கத் தெரியாது என்பது என் எண்ணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மணி அடித்ததும் பவளம் எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் பீரோவில் பழைய ஆர்மோனியம் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாசித்தவர் சொந்த ஊரோடு போய் நாலு வருடம் ஆகிறது. மறுநாள் அதைக் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன்.

"எதுக்குங்க இது?"

"உன் கொரலு எங்க இருக்கோ அங்க வந்து நான் வாசிக்கிறேன். நீ எவனுக்கும் ஏறிப் பாட வேணாம்."

"நீங்களா?" என்றாள். பிறகு ரொம்ப நேரம் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துவிட்டு, "நெசமாவா?" என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

பாகலூர் ரோட்டில் தண்ணீர் கேன் கடைக்கு மேலே சுவாதி என்ற பெண் சங்கீத வகுப்பு நடத்துகிறாள். இருபத்தாறு வயது இருக்கும். கெலவரப்பள்ளிப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. வகுப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் முட்டிக்காக எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள்.

"எத்தன நாள்ல ஒரு பாட்டு வாசிக்கலாம்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒரே ஒரு பாட்டு போதுமா அங்கிள்?"

"போதும்."

"அதுக்குப் போன்லயே வீடியோ இருக்குதே. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"போனை நான் நம்புறதில்ல."

"என்னை நம்புறீங்களா?"

"பாப்போம்," என்றேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

அவள் என் நோட்டில் ஒரு தாளை ஒட்டினாள். நாள் வாரியாகக் கோடு போட்டு, ஒரு நாளுக்கு நாலு கட்டம். விரல், காது, தாளம், பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். செய்து முடித்ததும் டிக் போட வேண்டும்.

விரல் என்றால் சரளி வரிசையை மெதுவாக, துருத்திக் காற்று ஏறாமல் இறங்காமல் வாசிப்பது. அதுவும் இன்று ஒரு கட்டையில் தொடங்கினால் நாளைக்கு வேறு கட்டை. இடம் மாறினால் கறுப்பும் வெள்ளையும் வேறு மாதிரி வரும், விரல் வேறு வழி போக வேண்டும். தாளம் என்றால் தொடையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்வது. பாட்டுக்குச் சின்னதாக ஒரு கீதம் கொடுத்தாள். காதுக்கு, வீட்டில் யாராவது 'ம்' என்று முனக வேண்டும். அது எந்தக் கட்டையில் இருக்கிறது என்று நான் கண்ணை மூடித் தேடிப் பிடிக்க வேண்டும்.

"நாலையும் செய்யணும் அங்கிள். ஒண்ணை விட்டுட்டு மூணு செய்யறதா இருந்தா வராமலே இருங்க," என்றாள்.

ஒரு பாட்டுக் கேட்டு வந்தவனுக்கு நாலு கட்டம் போட்டுக் கொடுத்தால் நான் என்ன நினைப்பேன்? இழுத்தடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது வரை படித்தவன், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

ஆனாலும் விரல் வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் எனக்குச் சலிப்பு கிடையாது. தாளத்துக்கும் கஷ்டப்படவில்லை. பிரஸ் முன்னால் நின்றவனுக்கு அடி விழுகிற நேரம் உடம்புக்கே தெரியும். தெரியாதவனுக்கு ஆர்மோனியம் வாசிக்க விரல் மிஞ்சியிருக்காது.

காதுக் கட்டத்தை மட்டும் நான் தொடவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை காதுப் பரிசோதனை வைப்பார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கடைசி ஏழெட்டு வருடம் நான் சத்தம் கேட்டு அழுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மாவின் கை அசைவதைப் பார்த்து அழுத்தினேன். பாஸ். காது போனவனை லைனிலிருந்து தூக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். இப்போது பவளம் முனகி, நான் தேடி, கிடைக்காமல் போனால்? உன் குரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குக் கேட்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால் அப்படி ஒரு கட்டம் இருப்பதையே அவளிடம் சொல்லவில்லை.

டிக் போட்டுவிடுவேன். எங்கள் லைனில் மணிக்கு ஒரு தரம் அடித்த தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அளந்து ஷீட்டில் குறிக்க வேண்டும் என்று சட்டம். எவன் மணிக்கு மணி அளந்தான்? ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மூச்சில் எழுதுவோம். ஆடிட்டுக்கு வருகிறவன் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பான், போய்விடுவான். அதே கை, அதே புத்தி. சனிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஏழு நாளுக்கும் காதுக்கு டிக் போட்டுவிட்டுப் போவேன்.

ஐந்து மாதம் போனது. முருகன் பாட்டு வரவில்லை. என் பொறுமை போய்விட்டது. நம்பாத போனையே எடுத்தேன். ஒருவர் கட்டைக்கு நம்பர் போட்டு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டில் கம்பெனி ஸ்டிக்கர் கொஞ்சம் கிடந்தது, அளவு சரியாக இருக்கிற தகட்டுத் துண்டுக்கு ஒட்டுகிற பச்சை வட்டம். அதில் நம்பர் எழுதிக் கட்டைமேல் ஒட்டினேன். மூன்று வாரத்தில் பாட்டு கைக்கு வந்துவிட்டது. சுவாதியிடம் மூச்சு விடவில்லை.

பவளம் சமையல்கட்டிலிருந்து கேட்டாள். "அப்படியே அந்தப் பாட்டு மாதிரியே இருக்குதுங்க," என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒரு தடவ சேந்து பாடிப் பாத்துக்கலாமா?"

"கோயில்ல பாடுனாப் போதும். இங்க பாடிக் கொரலை வீணாக்காத."

அது பயத்தில் சொன்னது. அவள் என் அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. விஜயகுமாரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனும் நல்ல மனதோடுதான் மைக்கில் சொன்னான், "நம்ம பவளம் ஆண்ட்டி ரொம்ப நாள் கழிச்சுப் பாடறாங்க. பொன்னுசாமி அண்ணன் ஆர்மோனியம்." எல்லாரும் கை தட்டினார்கள். பவளம் அரக்குப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள்.

நான் துருத்தியை இழுத்து ஒன்றாம் நம்பரை அழுத்தினேன். அவள் வேறு எங்கேயோ கீழே தொடங்கினாள். ஒரு நொடி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேலே ஏறி என் கட்டைக்கு வந்தாள். முதல் வரி எப்படியோ போனது. இரண்டாவது வரியில் உச்சத்துக்குப் போகிற இடத்தில் காற்று வந்தது. மறுபடி அதே வரியை எடுத்தாள். மறுபடி காற்று. எனக்குக் கீழே வரத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பாட்டு இல்லை, பச்சை வட்டம். அவள் நின்ற பிறகும் என் விரல் நாலு நம்பர் ஓடிவிட்டது. பின்வரிசையிலிருந்து சுஜாதா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றத்தான் பாடினாள், குற்றம் சொல்ல மாட்டேன். பாட்டு முடியும்வரை பவளம் மைக்கை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சொன்னாள்.

"எங்கொரலு இருக்கிற எடத்துக்கு வர்றேன்னீங்க. நான்தான் உங்க எடத்துக்கு வந்தேன். வந்து விழுந்தேன்."

"பவளம்..."

"இனிமே நான் கோயில்ல பாடல. பொட்டியைக் கொண்டுபோய்க் குடுத்துருங்க."

சனிக்கிழமை சுவாதியிடம் சண்டைக்குப் போனேன். ஆர்மோனியப் பெட்டியையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன்.

"ஆறு மாசமா என்னத்தம்மா சொல்லிக் குடுத்த? ஊரு முன்னாடி என் பொண்டாட்டி தலைகுனிஞ்சு நின்னா!"

அவள் கத்தவில்லை. என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து பச்சை வட்டங்களைப் பார்த்தாள். என் நோட்டை வாங்கி ஆறு மாதத்துத் தாள்களைப் புரட்டினாள்.

"விரலுக்கு ஒரு நாள் நீல மை, ஒரு நாள் கறுப்பு. ஒரு நாள் டிக் சாஞ்சிருக்குது, ஒரு நாள் நேரா இருக்குது. காதுக்கு மட்டும் ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே தடவையில போட்டதுதானே அங்கிள்?"

நோட்டை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"எங்கப்பாவும் கம்பெனிதான். இந்த டிக் எனக்குத் தெரியாதா? முதல் மாசமே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நான் கேட்டிருக்கணும், அது என் தப்பு."

தப்பை ஒத்துக்கொண்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? நர்ஸம்மா கை கதையைச் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கர்மேல் ஒரு துண்டை விரித்து மூடினாள். "கண்ணை மூடுங்க," என்று சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் 'ம்' என்றாள், நிறுத்தாமல்.

ஒரு கட்டையை அழுத்தினேன். இல்லை. அடுத்தது. இல்லை. பத்துத் தடவை இல்லை. கண்ணைத் திறந்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. பதினோராவது கட்டையில் ஒட்டியது. ஒட்டியதும் எனக்கே தெரிந்தது. அதுவரை இரண்டு சத்தமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அதிர்ந்தன. இப்போது இடிப்பது நின்றுவிட்டது.

"காது இல்லன்னு கம்பெனியா சொல்லுச்சு?"

"இல்ல. நானே சொல்லிக்கிட்டேன்."

பெட்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிக் போட்டதைச் சொன்னேன். காதைச் சொன்னேன். கேட்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"பத்து வருசமா நான் கூப்பிட்டாத் திரும்பாம போனதெல்லாம் இதனாலதானா? திமிருன்னு நெனச்சேன்."

"பாதி திமிருதான்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாட வேணாம். ஒரே ஒரு 'ம்' சொல்லு," என்றேன். "பாட்டுன்னு நெனைக்காத. கொழம்புக்கு உப்பு சரியான்னு கேட்டாச் சொல்லுவியே, அந்த 'ம்'."

பாட்டு இல்லை என்பதால்தான் ஒத்துக்கொண்டாள். காப்பி போட்டுக்கொண்டே 'ம்' என்றாள். நான் தேடினேன். முதல் நாள் பிடிப்பதற்குள் காப்பி பொங்கிவிட்டது.

தினமும் செய்தோம். காதுக் கட்டத்தில் டிக் போடுவதை விட்டுவிட்டேன். எந்தக் கட்டை என்று நம்பர் எழுதினேன். செய்யாத நாளைக் காலியாக விட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. அவள் குரல் ஒரு இடத்தில் இல்லை. காலையில் எழுந்ததும் மூன்று கட்டை. சாயங்காலம் நாலு. சளி பிடித்தால் இரண்டரை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை. ஒரு நாள் பெங்களூரிலிருந்து மகள் பேத்தியோடு வந்திருந்தபோது நாலரை வரை போனது. அப்புறம்தான் சுவாதி ஏன் தினம் வேறு கட்டையில் சரளி வரிசை தொடங்கச் சொன்னாள் என்று தெரிந்தது. எந்தக் கட்டையைக் காது காட்டினாலும் அங்கே விரலுக்கு வழி தெரிந்திருந்தது. ஸ்டிக்கரை உரித்துப் போட்டேன்.

காலியான கட்டங்களோடு நோட்டைக் கொண்டுபோனபோது சுவாதி, "இதுதான் அங்கிள் நீங்க கொண்டுவந்த முதல் ஒழுங்கான ஷீட்," என்றாள். பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

'ம்' மெல்ல நீண்டது. ஒரு நாள் அது ஒரு வரியாக ஆனதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள். பின்னாலேயே மெதுவாக விரலை நகர்த்திக்கொண்டு போனேன். பாதி சுரம் தப்பு. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே முருகன் பாட்டில் பாதி பாடிவிட்டாள். உச்சமான இடம் வந்தது. இந்த உயரத்தில் அது அவளுக்கு எட்டுகிற இடமாக இருந்தது. சட்டென்று குழாயை மூடினாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு. உன் பழைய கொரலு எனக்குப் பாதிதான் கேக்கும். இது முழுசாக் கேக்குது."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோயிலுக்குப் போகலாம் என்று நான் கேட்கவே இல்லை. நாலு மாதம் கழித்து, மார்கழிக் குளிரில் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவளே வந்து நின்றாள். "இன்னிக்குப் போலாமா?" என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

அன்று கூட்டம் இருபது பேர்தான். விஜயகுமார் தயங்கினான். "சேஃப்டிக்கு டிராக் போட்டு வைக்கட்டுமாண்ணா?"

"வேணாம்ப்பா. நீ உக்காரு."

அவள் மைக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு 'ம்' என்றாள். தேடினேன். மூன்றாவது தடவையே ஒட்டியது. குளிருக்கு இறங்கியிருந்தது, மூன்று கட்டை. பாடத் தொடங்கினாள். பழைய மணிக்குரல் இல்லை. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் நிற்கிற குரல். பின்னால் எடுத்துப் பாடிய பெண்கள் அவ்வளவு கீழே வரத் திண்டாடினார்கள். இரண்டு பேர் பாடாமல் கையை மட்டும் தட்டினார்கள். விஜயகுமார் சொன்னதிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது.

கடைசிச் சரணத்தில் அவள் களைத்தாள். குரல் இன்னும் அரைக் கட்டை வழுக்கியது. என் சத்தமும் அவள் சத்தமும் இடிக்க ஆரம்பித்தன. அவள் கண் என் பக்கம் வந்தது. ஆடிக் கிருத்திகையில் பார்த்த அதே பார்வை. மேலே ஏறி வந்துவிடுவாளோ என்று பயந்து பாட்டைக் கைவிட்டேன். துருத்தியை மட்டும் விடாமல், ஒரே ஒரு கட்டையைத் தேடினேன். ஒன்று தப்பு. அடுத்தது இடிக்கவில்லை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் அதில் உட்கார்ந்தாள். இரண்டு வரி அந்த ஒற்றைச் சத்தத்தோடேயே பாடினாள். மூன்றாவது வரியில் என் விரல் புது இடத்தில் வழி பிடித்துக் கூடப் போனது.

முடிந்ததும் கை தட்டினார்கள். சுஜாதா எழுந்து வந்து மைக்குக்குக் கை நீட்டினாள். பவளம் கொடுக்கவில்லை.

"ஏங்க, இன்னொண்ணு பாடுறேன்," என்றாள்.

"எது?"

சொன்னாள். அதை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை.

"அது எனக்குத் தெரியாதுடி!"

"எனக்குத் தெரியும். நீங்க பின்னாடி வாங்க."

மைக்கில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், எனக்குக் கேட்கிற அளவுக்கு நிதானமாக, முதல் சொல்லை நீட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தேடினேன்.